கனாத்திறம் உரைத்த காதையில் நாணும் உரனும்

சிலப்பதிகாரத்தில் கணவன் மனைவியரிடையேயான நிலைமாற்றத்தை வழக்குரை காதையில் காண்பதே பெருவழக்கு. அதன் வித்து, காவிரி கடலொடு கலக்கும் புகாரிலேயே ஊன்றப்பட்டது. தொல்காப்பியக் களவியல் ஆடவர்க்கு உரனையும் பெண்டிர்க்கு நாணையும் உரியனவாக்கும். மாதவியைப் பிரிந்து மீளும் கோவலனோ, குலப்பொருள் தொலைத்த வறுமை தனக்கு நாணம் தருவதாகக் கூறுகிறான். காமவேள் கோட்டம் தொழுமாறு தேவந்தி கூறியதைச் சற்றுமுன் மறுத்த கண்ணகி, கலங்காது முறுவலுடன் சிலம்பைக் கொள்ளுமாறு சொல்கிறாள்.

கோவலனது நாண் செயலால் வருவது. வள்ளுவர் வகுப்பின்படி அது மகளிர் நாணன்று என மறுக்கலாம். மறுப்பு பொருந்துவதே. ஆயினும் கண்ணகியின் உரனை அது தொடுவதில்லை.

ஷேக்சுபியரின் மாக்பெத் சீமாட்டி போலக் கண்ணகி கணவனைத் தூண்டவில்லை. மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்றித் தளர்ந்தான் என எண்ணியே அவள் ஈந்தாள் என்பர் உரைகாரர். அச்சிலம்பை வணிக முதலாக்கி, மதுரைக்குப் புறப்பட முடிவு செய்தவன் கோவலனே.