பழுப்பு ரொட்டியின் நிறத்தை நம்பலாமா?

கோவை, ஈரோடு, பொள்ளாச்சி என எந்த ஊரின் பேக்கரியிலும் வெள்ளை ரொட்டியும் பழுப்பு ரொட்டியும் அருகருகே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். “பழுப்பு ரொட்டிதான் உடம்புக்கு நல்லது” என்று பலர் அதையே கேட்டு வாங்குகிறார்கள். பால், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கும் ‘வீகன்’ உணவினரும் அதையே நாடுவதுண்டு. நிறத்தை நம்பி வாங்கலாமா?

கோதுமை மணியின் மூன்று பகுதிகள்

கோதுமை மணியின் வெளியே தவிடு, உள்ளே மாவுப்பகுதி, ஓர் ஓரத்தில் முளைக்கரு இருக்கின்றன. நார்ச்சத்தும் இரும்பும் பி வைட்டமின்களும் தவிட்டிலும் முளைக்கருவிலும் செறிந்துள்ளன. இவ்விரண்டையும் நீக்கிவிட்டு மாவுப்பகுதியை மட்டும் அரைத்தால் கிடைப்பதே மைதா. 100 கிராம் முழுக்கோதுமை மாவில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. மைதாவிலோ சுமார் 3 கிராம்தான்!

சர்க்கரையைக் காய்ச்சிக் கருக்கினால் ‘காரமெல்’ என்னும் பழுப்பு நிறப்பொருள் கிடைக்கும். மைதாவில் இதைச் சிறிது கலந்தாலும் ரொட்டி பழுப்பாகிவிடும். ஆகவே நிறம் சான்றாகாது.

உறையைப் படியுங்கள்

சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்த பொருளே முதலில் வரவேண்டும் என்பது விதி. ‘ஹோல் வீட் ஃப்ளவர்’ முதலில் இருந்தால் அது முழுக்கோதுமை மாவு. ‘ரிஃபைண்டு வீட் ஃப்ளவர்’ என்றால் மைதா. 150 என்ற எண் காரமெல் நிறத்தைக் குறிக்கும்.

பச்சைப் புள்ளி மட்டும் வீகன் உணவினருக்குப் போதாது. நம் நாட்டில் பால் சைவம். எனவே பால்பொடியோ வெண்ணெயோ கலந்த ரொட்டிக்கும் அப்புள்ளி உண்டு. அதனால் 2022ஆம் ஆண்டில் வீகன் உணவுக்கெனத் தனி விதிகளும் சின்னமும் வந்தன. மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது. அதில் தடையில்லை.

சோளத்தில் ஏன் ரொட்டி பொங்குவதில்லை?

சோளமும் கம்பும் ராகியும் கொங்கு நாட்டின் பழைய உணவுகள். கோவையில் 1923ஆம் ஆண்டிலேயே சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆனாலும் சோளச்சோறும் கம்மங்கூழும் உண்டே தவிர, பஞ்சு போன்ற சோள ரொட்டி இல்லை. ஏன்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். கோதுமை மாவைப் பிசைந்து அரை மணி நேரம் வைத்தபின் நீரில் அலசுங்கள். வெண்மையான மாவுப்பொருள் கரைந்து போக, ரப்பர் போன்ற ஒரு பொருள் கையில் மிஞ்சும். அதுவே குளூட்டன் என்னும் புரதம். ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவைப் பலூன்போலப் பிடித்து வைப்பது இதுதான். சோளமாவை இப்படி அலசினால் எதுவும் மிஞ்சாது. வாயு தங்காததால் ரொட்டி எழும்புவதில்லை. ஆகவேதான் ‘பல தானிய ரொட்டி’ என்று விற்பவற்றிலும் பெரும்பாலும் கோதுமையே மிகுதி.

துணைக்குக் கொள்ளு

முழுக்கோதுமை ரொட்டியாயினும் அது தனித்து நிறைவான உணவாகாது. கோதுமைப் புரதத்தில் ‘லைசின்’ என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறுகளில் அது மிகுதி. பால் உண்ணாதவர் ரொட்டியுடன் நம் ஊர்க் கொள்ளுப் பருப்பையோ தட்டைப்பயற்றையோ சேர்த்துக்கொண்டால் குறை நிரம்பும். சுண்ணாம்புச் சத்துக்கு ராகி உண்டு. 100 கிராம் ராகியில் அது ஏறத்தாழ 350 மில்லிகிராம். ஆனால் வைட்டமின் பி12 ரொட்டியிலும் பயற்றிலும் கிடைக்காது. அது குறைந்தால் இரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரலாம். எனவே அதைச் செறிவூட்டிய உணவாகவோ மாத்திரையாகவோ மருத்துவர் யோசனைப்படி பெறவேண்டும். வளரும் பருவத்தினர் இதை ஒருபோதும் மறக்கலாகாது.

அடுத்தமுறை பேக்கரிக்குப் போனால் ரொட்டியின் நிறத்தைப் பார்க்காதீர்கள். உறையைத் திருப்பி முதல் வரியைப் படியுங்கள்!