கண் வாங்குகிறது, மூளைதான் பார்க்கிறது!



முதலாமாண்டு வெல்டிங் வகுப்பு. ஷீல்டைப் பிடிக்காமல் ‘சும்மா ஒரு தடவை’ ஆர்க்கைப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே பஸ் ஏறி வலங்கைமான் வந்து சேர்ந்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேலேதான் கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல், தாரை தாரையாகத் தண்ணீர். “உருளைக்கிழங்கை நறுக்கி வச்சிக் கட்டுடா” என்றார் பக்கத்து வீட்டு அத்தை. மறுநாள் கண் டாக்டரிடம் போனேன். இரண்டு நாளில் சரியாயிற்று.

மதியம் பட்ட அடிக்கு ராத்திரி ஏன் வலித்தது? கண்ணின் முன்பக்கம் கார்னியா என்ற கண்ணாடி போன்ற படலம் இருக்கிறது. ஆர்க்கின் புற ஊதாக் கதிர் அதன் மேல்தோல் செல்களைக் காயப்படுத்துகிறது. சில மணி நேரம் கழித்து அவை உதிரும்போது, அடியில் இருக்கும் வலி நரம்புகள் வெளியே தெரிந்து அலறுகின்றன. நல்லவேளை, அந்த மேல்தோல் திரும்ப வளரும்.

அதற்குப் பின்னால் இருக்கும் விழித்திரை அப்படியல்ல. அங்கே வலி நரம்பே கிடையாது. மங்கிய வெளிச்சத்துக்குச் சுமார் 12 கோடி கோல் செல்கள், நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள். இவை ஒளியை மின் சைகையாக மாற்றுகின்றன. ஆனால் மூளைக்குப் போகும் கேபிளில், அதாவது பார்வை நரம்பில், சுமார் 10 லட்சம் இழைகள்தான்! ஆகவே விழித்திரையே செய்தியைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. அது போய்ச் சேரும் இடம் பின்மண்டை. பார்ப்பது அங்கேதான். பின்மண்டையில் பலத்த அடி பட்டால், கண் நன்றாக இருந்தும் பார்வை போகலாம். ஹெல்மெட்டின் அருமை இப்போது புரிகிறதா?

இனி ஒரு சோதனை. ரூல் போட்ட நோட்டில் ஒரு கோட்டின் மேல் கூட்டல் குறி போடுங்கள். அதே கோட்டில் வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி மிளகு அளவு புள்ளி வையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். நோட்டை 30 செ.மீ. தூரத்தில் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் புள்ளி காணாமல் போகும்!

பார்வை நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியுணரும் செல் இல்லை. அதுதான் குருட்டுப் புள்ளி. ஆனால் அங்கே ஓட்டை தெரிகிறதா? இல்லை. நோட்டின் கோடு தொடர்ச்சியாகவே தெரிகிறது. இல்லாததை மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துவரும் வி.எஸ். ராமச்சந்திரன் இந்த நிரப்பும் வேலையைப் பல சோதனைகளால் ஆராய்ந்தவர்.

இந்த உதவியே உபத்திரவமும் ஆகிறது. கண் நீர் அழுத்த நோயில் பார்வை ஓரத்திலிருந்து மெல்லத் தேய்கிறது. வலியும் இல்லை, மூளை வேறு நிரப்பிக்கொடுக்கிறது, ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டுகிறது. தெரியவரும்போது நிறையப் போயிருக்கும். போன நரம்பிழை திரும்ப வளராது.

எனவே, ‘நமக்குத்தான் நல்லா தெரியுதே’ என்று இருந்துவிடாதீர்கள். அவ்வப்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது நீர் அழுத்த நோய் இருந்தால் டாக்டரிடம் அழுத்தம் சோதியுங்கள். வெல்டிங்குக்கு வெறும் கூலிங் கிளாஸ் உதவாது. 100 ஆம்பியர் ஆர்க்குக்கு 10-ஆம் எண் கண்ணாடி வேண்டும். கிரைண்டிங்கில் காகிள்ஸ் கட்டாயம். பட்டாசுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்கவே வேண்டாம்.

வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பீர்கள். கார்னியா அழும், விழித்திரை அழாது நண்பர்களே!