கடலடியில் ஓடிய சேற்றாறு

மழைக்காலத்தில் மலைப்பாதைகளில் மண் சரிந்தது என்னும் செய்தியை நாம் ஆண்டுதோறும் நாளிதழ்களில் படிக்கிறோம். அத்தகைய சரிவு, பன்மடங்கு பெரிதாக, கடலின் ஆழத்திலும் நிகழ்கின்றது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். அறிவியலாருள் பலரும் நெடுங்காலம் ஆழ்கடலை அசைவற்ற அமைதியின் உறைவிடம் என்றே கருதி வந்தனர். அக்கருத்தை மாற்றியவர்களுள் ஒருவர் புரூஸ் ஹீசன் என்னும் அமெரிக்க அறிஞர். அவருக்குச் சான்றாக அமைந்தவை தந்தி நிலையங்களில் பதிவாகியிருந்த சில நேரக் குறிப்புகளே!

1929-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் மாலை 5 மணி. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடுத்த நியூபவுண்ட்லாந்துத் தீவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. தீவின் தென்கரையில் பியூரின் தீபகற்பத்து மீனவர் தம் வீடுகள் அதிரக் கண்டு திகைத்தனர். அதிர்ச்சி விரைவில் அடங்கவே, அவரவர் அலுவலைத் தொடர்ந்தனர். இரண்டரை மணி நேரம் சென்றபின் கடல் பின்வாங்கியது. பின்னர் மூன்று பேரலைகளாகத் திரும்பி வந்தது. வீடுகள் அடித்தளத்தினின்று பெயர்ந்து மிதந்தன. 28 உயிர்கள் மாண்டன. வெளியூர்களுக்குச் செய்தி அனுப்பவும் வழியில்லை. அங்கிருந்த தந்திக் கம்பி முன்னரே புயலில் அறுந்து கிடந்தது. மூன்றாம் நாள் காலை, வழக்கமான பயணமாக வந்த 'போர்ட்டியா' என்னும் கப்பலே கம்பியில்லாத் தந்தி வழியாக வெளியுலகுக்கு இத்துயரை அறிவித்தது.

அதே இரவில் ஆழ்கடலில் மற்றொன்றும் நிகழ்ந்தது. அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிகளுள் 12 கம்பிகள், 28 இடங்களில் அறுந்தன. நிலநடுக்கத்தின் அதிர்ச்சியே இதற்குக் காரணம் எனப் பலர் எண்ணினர். ஆனால் ஒரு செய்தி மட்டும் இடறியது. நடுக்கம் தோன்றிய இடத்தை அடுத்திருந்த கம்பிகள் உடனே அறுந்தன; ஆழத்தை நோக்கிச் செல்லச் செல்ல, மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசிக் கம்பி 500 கிலோமீட்டருக்கும் அப்பால், 13 மணி 17 நிமிடம் கழித்தே அறுந்தது. சில நொடிகளில் அடங்கும் அதிர்ச்சி, நள்ளிரவு கடந்தும் கம்பிகளை அறுப்பது எங்ஙனம்?

ஹீசனும் அவருடைய ஆசிரியர் மாரிஸ் யூவிங்கும் 1952-இல் இதற்கு விடை பகர்ந்தனர். நடுக்கத்தால் கடலடிச் சரிவிலிருந்த படிவுகள் குலைந்து சரிந்தன. சேறும் மணலும் நீரோடு கலந்தன. தெளிந்த நீரைவிடக் கனமான அக்கலவை, கடலின் அடியில் ஓர் ஆறாகப் பாய்ந்து, எதிர்ப்பட்ட கம்பிகளை அறுத்துச் சென்றது. கம்பிகளுக்கு இடைப்பட்ட தொலைவையும், அவை அறுந்த நேரத்தையும் கொண்டு அதன் வேகத்தைக் கணித்தனர். தொடக்கத்தில் அது மணிக்கு 100 கிலோமீட்டரளவில் பாய்ந்தது என்பது அவர்கள் முடிவு. பிற்கால ஆய்வாளர்கள் அதனை 70 கிலோமீட்டரளவாகக் குறைத்தனர். ஆயினும் சேற்றாறு ஓடியது என்னும் உண்மை நிலைத்தது.

இதனை விளக்கும் சோதனை ஒன்றை வீட்டிலேயே நம் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளை நீரில் ஒரு பிடி ஆற்று மண்ணை இட்டுக் கலக்கி வைத்தால், பருமணல் முதலில் அடியில் தங்கும். நுண்மணல் அடுத்துப் படியும். வண்டல் இறுதியில் மெல்ல இறங்கும். சேற்றாறு ஓய்ந்த இடத்திலும் இவ்வாறே அடுக்கு உண்டாகும். டச்சு அறிஞர் கியூனன் தொட்டிகளில் செய்த சோதனைகளால் இதனை முன்னரே காட்டியிருந்தார். பின்னர் 1929-ஆம் ஆண்டுச் சரிவின் வழியில் ஆழ்கடல் தரையைக் குழாயிட்டுத் தோண்டிப் பார்த்தபோது, அத்தகைய அடுக்கே கிடைத்தது.

இவ்வாராய்ச்சியின் பயன் இன்று நம் இல்லங்களையும் எட்டியுள்ளது. கண்டங்களுக்கிடையே செல்லும் இணையச் செய்திகளில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கம்பிகளின் வழியாகவே செல்கின்றது. 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் தைவானுக்குத் தெற்கே நிலம் நடுங்கியபோது, சேற்றாறுகள் 9 கம்பிகளை அறுத்தன. அவற்றைச் செப்பனிட 11 கப்பல்களுக்கு 49 நாள்கள் ஆயின. நார்வேக் கடலிலோ, ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் மாபெரும் சரிவு நிகழ்ந்த இடத்தில் எரிவாயு இருந்தது. எஞ்சிய சரிவு உறுதியாய் நிற்குமா என்று நன்கு ஆராய்ந்த பின்னரே அதனை எடுக்கத் துணிந்தனர். 2007-இல் எடுக்கவும் தொடங்கினர்.

எல்லாவற்றினும் மேலானது உயிர்காக்கும் பயன். 2004-ஆம் ஆண்டு நம் கரைகளைத் தாக்கிய ஆழிப்பேரலை, மாபெரும் நிலநடுக்கத்தால் எழுந்தது. ஆனால் 1998-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் பப்புவா நியூகினியின் வடகரையில் நிகழ்ந்த நடுக்கம், 7 என்னும் அளவினதே. அதனைத் தொடர்ந்து 10 மீட்டருக்கும் உயர்ந்த அலைகள் எழுந்து 2,000-க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டன. ஆய்வுக் கப்பல்கள் சென்று பார்த்தபோது, கரையை அடுத்த கடலடியில் பெருஞ்சரிவு ஒன்றின் வடு தென்பட்டது. நடுக்கத்தின் அளவை மட்டும் கொண்டு அலையின் அளவை மதிப்பிடலாகாது என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

ஹீசன் 1977-இல், கடலடியை ஆராயச் சென்ற நீர்மூழ்கிக் கப்பலிலேயே மாரடைப்பால் மறைந்தார். அவர் தந்த அறிவு மறையவில்லை. கம்பி அறுந்த நிமிடத்தைப் பதிவு செய்தவர்கள், 23 ஆண்டுகளுக்குப் பின் அது கடலின் மறைபொருளைத் திறக்கும் என்று கனவிலும் கருதியிரார். சிறு கடமையேயாயினும், உண்மையாய்ச் செய்தது வீண்போவதில்லை.

கடலோரக் குடும்பங்கள் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அருகில் எழும் சரிவலை, எச்சரிக்கை வருவதற்கு முன்னரே கரையை எட்டக்கூடும். நிலம் நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலோ, எவர் சொல்லையும் எதிர்பாராது, குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு மேட்டுநிலம் ஏறுவதே அறிவுடைமை. பியூரின் மீனவருக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. அதனை அவர்களுக்கு எடுத்துரைப்பார்தாம் இல்லை.