கிணற்றடி இரும்பு: அன்றும் இன்றும்

காஞ்சிபுரம் மாவட்டத்துக் காவாந்தண்டலம் பக்கம் கழனி வரப்பில் நடப்பவர்களுக்கு மோட்டார் கொட்டாய் பழகிய காட்சி. ஓடு சரிந்து, கதவு போய், உள்ளே ஆளுயரத்துக்குச் செடி மண்டிய கொட்டாய்களும் அவற்றில் உண்டு. கிணற்றை எட்டிப் பார்த்தால் சுவரில் பதித்த இரும்புச் சட்டம், பாதியில் நிற்கும் குழாய், மேலே எஞ்சின் உட்கார்ந்திருந்த சிமெண்ட் மேடை. நிலம் தரிசானபோது இவையும் நிலத்தோடு விடப்பட்டன. காயலாங்கடைக்குப் போவதற்கு முன்னால் இவற்றை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. தண்ணீர் எந்த ஆழத்தில் இருந்தபோது கிணற்றுக்கு வந்தது, எந்த ஆழத்துக்கு இறங்கியபோது ஓய்ந்தது என்று ஒவ்வொரு இயந்திரமும் சொல்லும்.

அன்று இந்த வட்டாரத்தின் முதல் தண்ணீர் ஏரித் தண்ணீர். காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். செய்யாற்றிலும் பாலாற்றிலும் வெள்ளம் வடிந்தபின் மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டி, கழனிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஏரி வற்றும் மாதங்களில்தான் கிணறு கை கொடுத்தது. ஏற்றம் மிதித்தார்கள், கவலை ஓட்டினார்கள். மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலே வந்து தோல் தும்பி வழியாகத் தண்ணீர் கொட்டும். ஆளும் மாடும் களைத்தால் இறைப்பு நின்றுவிடும். இரவில் கிணறு ஊறிக்கொள்ளும். அந்த உழைப்பின் கொடுமையை அழகாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் கிணறு கொடுப்பதற்கு மேல் எடுக்க அன்று யாராலும் முடியவில்லை.

எஞ்சின் அந்த வரம்பை உடைத்தது. அதன் தொடக்கக் கதையும் இதே மண்ணில்தான் இருக்கிறது. சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண்ணெய் எஞ்சினால் கிணற்று நீர் இறைக்கும் சோதனைகளைப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மெல்ரோசாபுரத்தில் நடத்தினார். 1937-இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். 1946-இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் ஆலை வந்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றி, பிளைவீல் வேகமெடுத்து, பெல்ட் பம்பை இழுக்க, அந்தத் 'தடதட' சத்தம் ஊரெல்லைவரை கேட்கும். யார் கழனியில் தண்ணீர் பாய்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பம்புக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அது தண்ணீரை உறிஞ்சுவது காற்றின் அழுத்தத்தை நம்பித்தான். கணக்குப்படி பத்து மீட்டர். நடைமுறையில் ஏழு மீட்டரே பெரிது. அதற்குக் கீழே தண்ணீர் இறங்கினால் பம்பையும் கீழே இறக்க வேண்டும். கிணற்றுச் சுவரின் இரும்புச் சட்டங்களும் நடுவில் கட்டிய மேடையும் அப்படி வந்தவை. ஒரே கிணற்றில் இரண்டு மூன்று மட்டங்களில் சட்டம் இருந்தால், தண்ணீர் அத்தனை முறை தப்பி ஓடியிருக்கிறது.

1957-இல் மின்வாரியம் அமைந்தது. அதன்பின் கிராமங்களுக்குக் கம்பி வேகமாக நீண்டது. 1966-இல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. அதற்கு நிச்சயமான தண்ணீர் வேண்டும். டீசல் எஞ்சின் ஓரமாக நகர, ஐந்து குதிரைத்திறன் மோட்டார் அதன் இடத்துக்கு வந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவையில் 1972-இல் விவசாயிகள் மாட்டுவண்டிகளோடு திரண்டார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. பல குடும்பங்கள் நிலத்தை விற்காமல் பிழைத்தது அதனால்தான். அதே நேரத்தில், எவ்வளவு இறைக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கும் தேவையும் மறைந்தது. ஆற்று மணல் அள்ளப்பட்டது, ஏரிகள் தூர்ந்தன. ஊறுவது குறைய, இறைப்பது கூடியது.

இன்று தண்ணீர் போர்க்குழாயில் இருக்கிறது. நீர்மூழ்கி மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இருந்து மேலே தள்ளுவதால் ஏழு மீட்டர் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஒரு பெட்டியில் ஸ்டார்டர் போதும். வசதி உள்ளவர் வீட்டிலிருந்தே செல்பேசியில் மோட்டாரைப் போடுகிறார். திறந்த கிணறும், கொட்டாயும், பெல்ட் பம்பும் ஒரே அடியில் வேலை இழந்தன.

வரப்புக்கு மேலேயும் இதே மாற்றம்தான். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர் ஒரு வீட்டில் இருந்தால் அது ஊருக்கே பெருமை. இன்று உழவு, நடவு, அறுப்பு எல்லாம் வாடகை மிஷினில் முடிகிறது. மணிக்கணக்கில் பணம் கொடுத்தால் போதும் என்றானபின், சிறு நிலத்துக்காரர் எதற்கு மிஷின் வைத்துப் பராமரிக்க வேண்டும்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் பிள்ளைகளை வேலைக்கு அழைத்துக்கொண்டன. வயதானவர் தனியாக உழ முடியாத கழனி தரிசாகிறது. சில இடங்களில் மனைக்கல் நடப்படுகிறது. டயர் வண்டியும் பரம்பும் நுகத்தடியும் புளியமரத்தடியில் கிடக்கின்றன.

இந்த மாற்றத்தைத் திருப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் கணக்கை எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். இதே வட்டாரத்து உத்திரமேரூரில், பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி, ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். தண்ணீரை நிர்வகிக்கும் விதியைக் கல்லில் எழுதிய ஊர்கள், தங்கள் கிணறுகளைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகம்கூட வைத்திருக்காதது சரியில்லை.

ஊராட்சியும் பள்ளிக்கூடமும் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் இதை முடித்துவிடலாம். கிணறு எப்போது வெட்டியது, எத்தனை முறை ஆழப்படுத்தியது, எஞ்சின் எந்த மட்டத்தில் இருந்தது, மோட்டார் எந்த மட்டத்துக்கு இறங்கியது, போர் எத்தனை அடி, சித்திரையில் தண்ணீர் எங்கே நிற்கிறது: இவ்வளவுதான் கேள்விகள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணற்றுக்குச் சுவர் எழுப்பலாம். கல்லும் மணலும் போட்ட வடிகுழி அமைத்து மழைநீரை அதற்குள் விடலாம். தரிசை மீண்டும் சாகுபடிக்குக் கொண்டுவர அரசே 2021-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நாளை ஒரு இளைஞர் அந்தக் கழனிக்குத் திரும்பி வந்தால், அவர் முதலில் கேட்பது தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்பதைத்தான். ஊர் அதற்குப் பதிலை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.