பழுது என்று ஒதுக்கிய பலகைகள்

ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்குப் பஞ்சமில்லை. எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவர்கள் அறிவியல் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டதும் முந்திரிக் கன்றைத்தான். மண் காய்ந்தால் தானாகவே நீர் விடும் கருவி. கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை, அர்டுவினோ ஊனோ பலகையில் நிரல் ஏறவில்லை. திரையில் 'நாட் இன் சிங்க்' என்று பிழைச்செய்தி. "எரிஞ்சு போச்சு சார்" என்றான் ஒரு மாணவன். நானும் நம்பினேன். அலமாரியில் 'பழுது' என்று எழுதி ஒட்டிய இரண்டு பலகைகள் ஏற்கெனவே இருந்தன. இதையும் அவற்றோடு வைத்தேன். பிறகு பார்த்ததில் மூன்றில் ஒன்றுகூட எரிந்திருக்கவில்லை.

நிரல் எப்படி ஏறுகிறது என்று தெரிந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருக்கலாம். ஊனோவின் மூளை ஏடிமெகா328பி என்ற நுண்கட்டுப்படுத்தி. அதற்குள்ளேயே 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம் இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் அதில் எழுதியது அழியாது. அதன் கடைசி 512 பைட்டில் பூட்லோடர் என்ற சிறு நிரல் குடியிருக்கிறது. அதை வாயிற்காவலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பதிவேற்று' என்று நாம் சொன்னதும் கணினி முதலில் பலகையை ரீசெட் செய்கிறது. உடனே காவலர் எழுந்து, கணினியிடமிருந்து அழைப்பு வருகிறதா என்று ஏறத்தாழ ஒரு நொடி காத்திருப்பார். வராவிட்டால் பழைய நிரலை ஓடவிட்டு ஒதுங்கிவிடுவார்.

கணினி "இருக்கிறாயா?" என்று கேட்கும், காவலர் "இருக்கிறேன்" என்பார். இந்தப் பதில் வந்து சேரவில்லை என்பதுதான் 'நாட் இன் சிங்க்'. சில்லு எரிந்துவிட்டது என்று அது சொல்லவே இல்லை.

பதில் கிடைத்துவிட்டால் நிரல் ஒரே கம்பி வழியே பிட் பிட்டாக வரிசையில் வரும். ஊனோவில் வேகம் நொடிக்கு 1,15,200 பிட். ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கம், முடிவு சேர்த்து 10 பிட் ஆவதால், நொடிக்கு 11,520 பைட். ஃபிளாஷில் எழுதுவது சிலேட்டில் எழுதுவதுபோல, ஆனால் ஓர் எழுத்தை மட்டும் அழிக்க முடியாத சிலேட். 128 பைட் கொண்ட ஒரு பக்கத்தை முழுதாக அழிக்க வேண்டும். அழித்ததும் எல்லாப் பிட்டுகளும் 1 ஆகிவிடும். வேண்டிய இடங்களில் 0 எழுதப்படும். கடைசியில் கணினி எல்லாவற்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கவும் முடியும். இப்படி 10,000 முறை அழித்து எழுதலாம் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. தினம் 20 முறை, ஆண்டுக்கு 200 நாள் ஏற்றினாலும் இரண்டரை ஆண்டு தாங்கும். மாணவர்கள் ஆசை தீர ஏற்றிப் பார்க்கட்டும்.

சரி, எங்கள் பலகைகளுக்கு என்னதான் ஆயிற்று? முதலாவதில் புளூடூத் கருவியை 0, 1 முனைகளில் மாட்டியிருந்தோம். கணினியோடு பேசும் வழியும் அதுவே. ஒரே கம்பியில் இருவர் பேசினால் காவலருக்கு என்ன கேட்கும்? அதைக் கழற்றியதும் நிரல் ஏறியது. இரண்டாவதன் குறை கேபிளில்: கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் பயன்படும் கேபிள் அது, உள்ளே தரவுக் கம்பியே கிடையாது. மூன்றாவது, நானோ. அதன் பழைய பூட்லோடர் 57,600 வேகத்தில்தான் பேசும். மென்பொருளின் பட்டியலில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்ததும் சரியானது.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யலாம். கேபிளைக் கழற்றிவிட்டு, ரீசெட் முனையை ஜிஎன்டி முனையோடு ஒரு கம்பியால் இணையுங்கள். 0, 1 முனைகளை இன்னொரு கம்பியால் ஒன்றோடொன்று இணையுங்கள். கேபிளைச் செருகி, சீரியல் மானிட்டரில் ஏதாவது தட்டச்சு செய்து அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், யுஎஸ்பி சில்லு மூன்றும் நலம். வராவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். விலை குறைந்த பலகைகளில் சிஎச்340 என்ற யுஎஸ்பி சில்லு இருக்கும். விண்டோஸ் கணினியில் அதற்கான டிரைவரை நிறுவ வேண்டியிருக்கலாம். லினக்ஸ் கணினியில் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்க்க வேண்டியிருக்கும்.

சோதனையில் எழுத்துகள் திரும்பி வந்தும் நிரல் ஏறவில்லை என்றால் பூட்லோடரே அழிந்திருக்கலாம். அப்போதும் தூக்கி எறிய வேண்டாம். நல்ல நிலையிலுள்ள இன்னொரு ஊனோவில், மென்பொருளோடு வரும் 'அர்டுவினோ ஐஎஸ்பி' நிரலை ஏற்றி, அதைக்கொண்டு பூட்லோடரைத் திரும்ப எழுதிவிடலாம்.