குளத்துக்குப் போன படகு கரை திரும்ப வேண்டும்

கிளிநொச்சிக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கும் பெருங்குளங்களுள் அக்கராயன் குளம் ஒன்று. மாரியில் நிறைந்து நிற்கும் அந்நீர்ப்பரப்பைக் குளக்கட்டில் நின்று நோக்கும் மாணவனுக்கு, தன் கையாற் செய்த சிறு படகொன்றை அதில் ஓடவிட்டுப் பார்க்கும் ஆசை எழுதல் இயல்பே. வானொலி அலையால் இயங்கும் மாதிரிப் படகு பாடசாலை விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்கு மிகவும் ஏற்றது. மிதப்பு, மின், அலை என்னும் மூன்று பாடங்களையும் அது ஒருங்கே கற்பிக்கும். ஆயினும், "எவ்வளவு வேகமாக ஓடும்?" என்பதே பலரும் முதலிற் கேட்கும் கேள்வியாக இருக்கின்றது. முதலிற் கேட்கற்பாலது வேறொன்று: குளத்தின் நடுவே அது நின்றுவிட்டால், யார் போய் எடுத்து வருவது?

இது நகைப்புக்குரிய வினாவன்று. வன்னிக் குளங்களிலே சேறும் ஆழமும் தாமரைக்கொடியும் உண்டு, முதலையும் உண்டு. விளையாட்டுப் படகொன்றை மீட்பதற்காக ஒரு பிள்ளை நீரில் இறங்குமாயின், அப்படகைச் செய்யாதிருத்தலே நன்று. ஆகவே, பழுதுபட்ட பின்னரும் ஆள் இறங்காமலே கரை சேரும் படகையே நம்பத்தக்க படகு என்று கொள்வோம்.

இக்கலை நூறாண்டுக்கு மேற்பட்டது. 1898ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் மடிசன் சதுக்கத் தோட்டத்தில் நிகழ்ந்த மின்பொருட் கண்காட்சியில், நிக்கோலா தெஸ்லா என்னும் அறிஞர் நீர்த்தொட்டியொன்றில் சிறு படகை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு எதுவுமின்றி அதனைச் செலுத்திக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8ஆந் திகதி 613,809 என்னும் இலக்கமுடைய அமெரிக்கக் காப்புரிமை அவருக்கு வழங்கப்பட்டது. அப்படகின் அலைவாங்கியில் உலோகத் துகள் அடங்கிய கலமொன்று இருந்தது. அலை பட்டதும் துகள்கள் தம்முள் ஒட்டி மின்னைக் கடத்தும்; அடுத்த கட்டளையை ஏற்க வேண்டுமாயின் கலத்தைப் புரட்டித் துகள்களைக் கலைத்தல் வேண்டும். இன்று தீப்பெட்டியினும் சிறிய அலைவாங்கி கடையிற் கிடைக்கின்றது. மாணவன் தலையைப் பிசைந்துகொள்ள வேண்டிய இடம் இப்பொழுது அலைவாங்கியன்று, அதனைச் சூழ உள்ளவையே.

உடலமைப்பை எளிதாக்குக. 60 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள தட்டையடிப் படகை ஒட்டுப்பலகையாற் செய்யலாம். அதன் அடிப்பரப்பு 1,200 சதுர செ.மீ. படகின் முழு எடை 3 கிலோவாயின், அது 2.5 செ.மீ. மாத்திரமே நீரில் அமிழும். ஆர்க்கிமிடீசின் விதியைக் கொண்டு மாணவர் இதனைத் தாமே கணித்து, பின் அளந்து பார்க்கலாம். பாரமான பற்றரியைப் படகின் நடுவில், அடித்தட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். படகின் கொள்ளளவு 12 இலீற்றர். அதிற் காற்பங்கை, அதாவது 3 இலீற்றரை, றெஜிபோம் துண்டுகளால் அடைத்துவிட்டால் உள்ளே நீர் நிரம்பினாலும் படகு தாழாது. சுழலியின் தண்டு செல்லும் குழாயைக் கிறீசால் நிரப்பி, அதன் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே நிற்குமாறு பொருத்துக.

இனி, பெரும்பாலானோர் அறியாத ஓர் இடர். குளத்திற் பாசியோ கொடியோ சுழலியிற் சுற்றியவுடன் மோட்டார் திணறும். அது இழுக்கும் மின்னோட்டம் பன்மடங்காகும். பற்றரியின் அழுத்தம் சட்டென விழும். அலைவாங்கியும் அதே பற்றரியில் தங்கியிருந்தால், அதுவும் அக்கணமே மயங்கிவிடும். கரையில் நிற்பவர் அலை எட்டவில்லை என்று எண்ணி, மேலும் வலிய கருவி வாங்கப் பணம் தேடுவார்! குற்றம் பாசியிலும் பற்றரியிலும் இருக்கும். ஆகையால் அலைவாங்கிக்கும் சுக்கானை இயக்கும் சிறு மோட்டாருக்கும் நான்கு சிறு மின்கலங்களைத் தனியே ஒதுக்குக. வேகக் கட்டுப்படுத்தியிலிருந்து அலைவாங்கிக்கு மின்கொணரும் செந்நிறக் கம்பியை அப்பொழுது கழற்றிவிட வேண்டும். பெரிய பற்றரியின் வழியில் ஓர் உருகியும், சுழலியைச் சுற்றிக் கம்பிக்கூடும் இருத்தல் நலம். கூடு வேகத்தைச் சற்றுக் குறைக்கும், குறைக்கட்டும்.

2.4 கிகாஹேர்ட்சு அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ.; அலைவாங்கிக் கம்பியின் செயற்படும் நுனி அதிற் காற்பங்கான 3 செ.மீ. அளவே. இவ்வலையை நீர் விரைவில் விழுங்கிவிடும். எனவே அந்நுனியை மெல்லிய குழாயொன்றினுள் நிமிர்த்தி, மேற்றட்டுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். கரையில் நிற்பவரும் தம் கருவியை மார்பளவுக்குத் தாழ்த்தாமற் பிடித்தல் வேண்டும்.

அலை அறுந்தால் என் செய்வது? சில அலைவாங்கிகள் கடைசியாகப் பெற்ற கட்டளையையே பற்றிக்கொண்டிருக்கும். பற்றரி தீரும்வரை படகு எதிர்க்கரையை நோக்கி ஓடும். அலை அற்றவுடன் மோட்டார் நிற்குமாறு முன்கூட்டியே ஒழுங்குசெய்துகொள்க. நின்ற படகைக் கரைசேர்க்கும் வேலையைக் காற்றிடம் ஒப்படைக்கலாம். வைகாசி தொடங்கிச் சோளகமும், மாரியில் வாடையும் வீசும் நாடு இது. எக்காலமாயினும் காற்று முகத்தில் அடிக்கும் கரையில் நின்று படகை விடுக. துருசையும் வானையும் நெருங்கலாகாது. தூண்டில் நூலிற் கட்டிய பழைய ரெனிஸ் பந்தொன்றும் கைவசம் இருக்கட்டும். படகுக்கு அப்பால் அதனை எறிந்து மெல்ல இழுத்தால் நூல் படகைத் தடுத்துக் கொண்டுவரும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குளத்துக்குப் போகுமுன் வீட்டுக் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியிற் படகை ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, உள்ளே ஈரம் கசிகின்றதா என்று காகிதம் வைத்துப் பார்க்கவும். அடுத்து, சுழலியை ஈரத்துணியால் ஒரு கணம் திணறச்செய்து, சுக்கான் அப்பொழுதும் கட்டளையை ஏற்கின்றதா என்று சோதிக்கவும், விரல்கள் விலகியிருக்கட்டும். முதல்நாட் குளத்தில், கரையிலிருந்து பத்து மீற்றர் தொலைவிற் படகு நிற்கையில், கருவியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, காற்று அதனை எத்தனை நிமிடத்திற் கரையொதுக்குகின்றது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும்.