வீக்கம் வருமுன் ஒரு பேருந்து

மரக்காணம் உப்பளங்களில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. பருவத் தொடக்கத்தில் பாத்தியை மிதித்து இறுக்க வேண்டும். உப்பு விளைந்தபின் அதை வாரி, வரப்பில் குவித்து, தலையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். இத்தனையும் முட்டியையும் கணுக்காலையும் நம்பி நடக்கிற வேலை. ஹீமோபிலியா என்ற இரத்த நோய் முதலில் கைவைப்பதும் இந்த மூட்டுகளில்தான்.

அரிய நோய்தான், ஆனாலும் நினைப்பதுபோல் எட்டாத தொலைவில் இல்லை. ஹீமோபிலியா ஏ வகை, பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகும் மரக்காணம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தில் 20 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பாதிப் பேர் ஆண்கள் என்று வைத்தால், கணக்குப்படி சுமார் 200 பேருக்கு இந்த நோய் இருக்கலாம். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்பதும் பதிலாகாது. மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு மரபணு மாற்றம் புதிதாகவே நேர்கிறது. ‘எங்களிடம் அப்படி யாரும் வேலை பார்க்கவில்லை’ என்று ஒரு முதலாளி சொன்னால், உண்மையிலேயே யாரும் இல்லாமல் இருக்கலாம். இருப்பவர் வாயைத் திறக்காமலும் இருக்கலாம்.

இந்த நோயைப் பற்றி ஊரில் நிலவும் முதல் பயமே தவறானது. சின்னக் கீறல் பட்டால் இரத்தம் நிற்காமல் ஓடி ஆள் செத்துவிடுவார் என்பார்கள். அப்படியில்லை. காயம் பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கின்றன. ஹீமோபிலியா உள்ளவருக்கும் இது சரியாகவே நடக்கிறது. ஆகவே சிறு கீறல் பெரும்பாலும் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அதற்கு அடுத்த கட்டத்தில்தான் குறை. தட்டணுக்களின் மேல் ஃபைப்ரின் என்ற புரத இழை வலை பின்ன வேண்டும். அதற்குத் தேவையான எட்டாவது காரணி ஏ வகையிலும், ஒன்பதாவது காரணி பி வகையிலும் போதாமல் இருக்கிறது. வரப்பில் கல்லை அடுக்கிவிட்டுச் சேறு பூசாமல் விட்டதுபோல, அடைப்பு நிற்கும், பிறகு கசியும். அந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாத இடங்களில் நடக்கிறது: முட்டிக்குள், முழங்கைக்குள், தசைக்குள், மோசமான சமயத்தில் மூளைக்குள். காரணியின் அளவு இயல்பில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பவர்களுக்கு அடிபடாமலேயே மூட்டில் இரத்தம் கசியும்.

வேலை தருகிறவர் கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. முட்டிக்குள் கசிவு தொடங்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. நோயாளிக்கு மட்டும் உள்ளே ஒரு குறுகுறுப்பு, லேசான வெதுவெதுப்பு, மடக்கினால் ஒரு இறுக்கம். வீக்கமும் வலியும் பிறகு வரும். அந்தக் குறுகுறுப்பு வந்தவுடனேயே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், குறையும் காரணியை நரம்பு ஊசி வழியாக ஏற்றிவிட வேண்டும் என்பது மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். சந்தேகமாக இருந்தாலும் முதலில் ஊசி, பரிசோதனை பிறகுதான். அப்படிச் செய்தால் ஒன்றிரண்டு நாளில் பழையபடி நடக்கலாம். தாமதித்தால் மூட்டுக்குள் தேங்கிய இரத்தத்தின் இரும்பு உள்சவ்வை அழற்சிக்குள்ளாக்குகிறது; அங்கே புதிதாக முளைக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் மறுபடியும் கசிகின்றன. ஆறு மாதத்துக்குள் ஒரே மூட்டில் மூன்று முறை தானாகக் கசிந்தால் அதை இலக்கு மூட்டு என்று குறிக்கிறார்கள். அந்த முட்டி அதன்பின் பழைய முட்டியாக இருப்பது கடினம்.

மரக்காணத்தில் ஓர் இளைஞருக்கு இது காலை எட்டு மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணி ஊசி தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசம். இங்கிருந்து முண்டியம்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக, திண்டிவனத்தில் பேருந்து மாற வேண்டும். ஜிப்மர் மருத்துவமனை என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு சுமார் 35 கிலோமீட்டர். உடனே கிளம்பினால்கூட இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி பயணத்திலேயே போய்விடும். ‘வாரினதை முடிச்சிட்டுப் போப்பா’ என்று மேஸ்திரி சொன்னால் மிச்சமும் போய்விடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கண்ணுக்கு முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, பாதியில் போனால் அன்றைய கூலி போகுமே என்று அந்த இளைஞரே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

ஆகவே முதலாளி செய்யக்கூடிய உதவிகளில் முதல் இடத்தை நான் இதற்குத்தான் தருவேன்: வீக்கத்தைக் காட்டச் சொல்லாமல் ஆளை விடுவது. ‘எனக்கு ஆரம்பிச்சிடுச்சு’ என்ற ஒரு சொல்லே அனுமதிச் சீட்டாக இருக்க வேண்டும். பைக்கில் திண்டிவனம் சாலைவரை கொண்டுபோய்விட ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. காரணி மருந்தை வீட்டிலேயே வைத்துத் தாமே ஏற்றிக்கொள்ளப் பழகியவர்களுக்கு வேறு வசதி தேவைப்படுகிறது: 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இடம், கை கழுவிவிட்டு உட்கார ஒரு சுத்தமான மூலை. உப்பளத்தில் இது நடக்காது. கடற்கரைச் சாலை விடுதியிலோ அயோடின் சேர்த்துப் பாக்கெட் போடும் கூடத்திலோ தாராளமாக நடக்கும்.

முதலுதவி விஷயத்தில் நல்ல மனம் மட்டும் போதாது. மூட்டில் வலி என்றதும் நம் ஊரில் பக்கத்துக் கிளினிக்கில் ‘இடுப்புல ஒரு ஊசி’ போட்டு அனுப்புவது வழக்கம். ஹீமோபிலியா உள்ளவருக்குத் தசையில் போடும் அந்த ஊசியே புதிய கசிவை உண்டாக்கும். ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையையும் கெடுப்பதால் அவையும் கூடாது, பாராசிட்டமால் கொடுக்கலாம். மூட்டை அசைக்காமல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். மீன்பிடிக் கரையில் ஐஸுக்கா பஞ்சம். தலையில் அடிபட்டால் மட்டும் எதற்கும் காத்திருக்கக் கூடாது. வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டபோது ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய மூன்று இரத்தக் குறைபாடுகளையும் சேர்த்தது. தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் அந்தக் கொள்கையில் சிறப்பு விடுப்பு, இடமாற்ற முன்னுரிமை போன்றவையும், இதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரும் இடம்பெற வேண்டும் என்கின்றன 2017-இன் விதிகள். ஆனால் சட்டம் பாதிக் கிணறு தாண்டியதோடு நின்றுவிடுகிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டைப் பிரித்துத் தரும் 34-ஆவது பிரிவு இந்த மூன்று நோய்களையும் தனியாகக் குறிப்பிடவில்லை. உயர்கல்வியில் இடம் கேட்கலாம், அந்தப் படிப்புக்கான வேலையில் அதே உரிமையோடு கேட்க முடியாது. குத்தகைக்கு எடுத்த பாத்தியில் பத்துப் பேரை வைத்து உப்பு வாரும் இடத்துக்கு 20 பேர் கணக்கும் எட்டுவதில்லை.

ஒரே பட்டியலில் இருப்பதால் மூன்று நோய்க்கும் ஒரே சலுகை போதும் என்று மனிதவள அதிகாரிகள் நினைத்துவிடக் கூடாது. கடுமையான தலசீமியா உள்ளவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். தேதி முன்கூட்டியே தெரியும். அந்த ஒரு நாளையும், அதற்கு முந்தைய சோர்வான நாட்களில் இலகுவான வேலையையும் ஒதுக்கினால் போதும். அரிவாள் செல் நோயில் தேவை தண்ணீர். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம். உடலில் நீர் குறைந்தால் சிவப்பணுக்கள் வளைந்து குழாயை அடைத்து, தாங்க முடியாத வலியை உண்டாக்கும். இந்த நோயாளிகளின் சிறுநீரகத்தால் நீரைச் சேமிக்கவும் இயலாது. நிறையக் குடிக்க வேண்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழக உப்பளங்களில் அளந்து பார்த்து, பெரும்பாலான தொழிலாளர்கள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களைப் பற்றியும் அவர்களின் ஆய்வுகள் பேசுகின்றன. இப்படிப்பட்ட இடம் அரிவாள் செல் நோயாளிக்கு ஆபத்து என்றால், நோயே இல்லாதவருக்கும் நல்லதல்ல. பெண்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று: மாதவிடாயில் மிகுதியான இரத்தப்போக்காக வெளிப்படும் வான் வில்பிராண்ட் நோய் சட்டத்தின் பட்டியலில்கூட இல்லை.

நோயைச் சொல்வதா மறைப்பதா என்பதை ஊழியரே தீர்மானிக்கட்டும். 1980-களில் கிருமி கலந்த இரத்தப் பொருட்களால் ஏராளமான ஹீமோபிலியா நோயாளிகளுக்கு எச்ஐவி தொற்றியது. கடுமையான ஹீமோபிலியாவோடு வாழ்ந்து, 1963-இல் உலக ஹீமோபிலியா கூட்டமைப்பை நிறுவிய மான்ட்ரியல் தொழில்முனைவர் ஃபிராங்க் ஷ்னாபெல் 1987-இல் இறந்ததும் அப்படித்தான். அவருடைய பிறந்தநாளான ஏப்ரல் 17-ஐத்தான் உலகம் ஹீமோபிலியா தினமாக அனுசரிக்கிறது. ஹீமோபிலியா ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. ஆனால் அந்தக் காலத்து அச்சத்தின் எச்சம் இன்னும் இருக்கிறது. ஒருவர் மேலாளரிடம் சொன்னது கேன்டீன்வரை போனால், அடுத்தவர் சொல்லவே மாட்டார்.

சிகிச்சை வேகமாக மாறிவருகிறது. தோலடியில் வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ போட்டுக்கொள்ளும் எமிசிசுமாப் என்ற மருந்து கசிவுகளைப் பெருமளவு குறைத்திருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேரின் சொந்த ஸ்டெம் செல்களில் எட்டாவது காரணியின் மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தி, அதன்பின் அவர்களுக்கு இரத்தக்கசிவு நேரவில்லை என்பதை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். நம் மாநிலத்தில் நடந்த பெரிய காரியம் இது. எல்லோருக்கும் வந்துசேர ஆண்டுகள் ஆகும். அதுவரை முட்டியின் கதி மேஸ்திரியின் ஒரு தலையசைப்பில் இருக்கிறது.

கடைசியாகக் கூலி. மழைக்காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை, உற்பத்தி நின்றுபோவதால் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் தருகிறது. வேலை செய்ய முடியாத நாளுக்கும் காசு உண்டு என்பதை இந்தத் தொழில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஊசிக்காகப் பாதியில் கிளம்பும் தொழிலாளிக்கு மிச்ச அரை நாளின் கூலியைக் கொடுத்தால், மாதம் இரண்டு முறை நேர்ந்தாலும் முதலாளிக்கு ஒரு நாள் கூலிதான் செலவு. கொடுக்காவிட்டால் அவர் கிளம்பமாட்டார்.